உடைமரத்தடிப் பகிடிகள்

ஜெனிற்றாவும் நானும் கடிப் பகிடிகளைச் சேர்க்கத் தொடங்கியது அகதி முகாமில். அங்கே எங்கள் கூடாரமும் அவர்களுடைய கூடாரமும் ஒரே கொடிக்கயிற்றில் உடுப்புக் காயப்போடும் தூரத்தில் இருந்தன. விளையாடப் பந்து இல்லை, ஓட இடம் இல்லை. பகிடிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் வரிசையில் நின்றபடியே உண்டாக்கலாம். அதே வரிசை முடிவதற்குள் செலவழித்தும்விடலாம்.

அதற்கு விதிகள் இருந்தன. பின்னால் நடந்தது விளங்குவதற்கு அவை வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகிடி எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேட்டவள் "ஐயோ" என்று முனகவேண்டும். முனகியதும் சொன்னவளின் தலையில் ஒரு குட்டு வைக்கலாம். சொன்னவள் தலையைக் குனிந்து கொடுக்கவேண்டும், விலக்கக்கூடாது. கேட்டவள் முனகுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டால் குட்டு இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் நத்தார்ப் பகிடிகள் மட்டுமே செல்லும். இந்தக் கடைசி விதி ஜெனிற்றாவுடையது. அவள் வேதக்காரப் பிள்ளை, யேசு பிறந்த நத்தார் அவளுடைய பெருநாள். நாங்கள் சைவம். ஆனாலும் நத்தார்ப் பகிடியில் நான் அவளைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு.

"நத்தாருக்கு ஆகக் கடைசியா வந்து சேருறது ஆர்?" என்பேன்.

"ஆர்?"

"நத்தை."

"ஐயோ!" குட்டு விழும்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் எங்களை ஊருக்கு விட்டார்கள். உயிலங்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே எங்கள் ஊர். வீடு இருந்த இடத்தில் கூரையில்லாத சுவர்களும் யாரும் நடாத ஒரு பப்பாசியும் நின்றன. தகரம் தந்தார்கள், விதைநெல் தந்தார்கள். ஜெனிற்றாவின் ஊர் கடற்கரைப் பக்கம். அது இன்னும் விடப்படவில்லை. அவளுடைய தகப்பன் கடைசிச் சண்டையில் செத்துப்போனார். ஊர் விடும்வரை எங்கள் வளவில் வந்து இருக்கும்படி தாயையும் மகளையும் கூப்பிட்டது அப்பாதான். "ஒரு கொட்டில் போட எங்களிட்ட இடமில்லையோ? வாங்கோ தங்கச்சி" என்றார். அப்பா வாய் திறந்து பேசிய நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

அப்பாவுக்குப் பகிடி பிடிக்காது என்று சொன்னால் அது பிழை. பகிடி அவருக்கு எங்கே முடிகிறது என்று தெரியாது. ஜெனிற்றா ஒருநாள் மிகுந்த நம்பிக்கையோடு அவரிடம் போய், "மாமா, பாலன் ஏன் மாட்டுத் தொழுவத்தில பிறந்தவர் தெரியுமே? அங்கதானே பால் இருக்கு" என்றாள். அப்பா மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். சீவுவதை நிறுத்திவிட்டு, மிச்சக் கதைக்காகக் காத்திருந்தார்.

"பிறகு?" என்றார்.

"பிறகு ஒண்டுமில்லை மாமா. அவ்வளவுதான்."

"ஓ" என்றுவிட்டு மறுபடியும் சீவத் தொடங்கினார். அன்றிலிருந்து எந்தப் பகிடியும் எடுபடாமல் போனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து "பிறகு?" என்போம்.

அப்பாவின் கவலையெல்லாம் வயலில் இருந்தது. பல வருடம் விதைக்காமல் கிடந்த வயல். அதிலும் குளப்பக்க மூலை, வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து விழும் ஆக நல்ல மூலை, கம்புகளுக்கு அப்பால் போயிருந்தது. கம்புகள் என்றால் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் நட்டவை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை பார்க்கும் பக்கம் நடக்கலாம். சிவப்பு பார்க்கும் பக்கம் கால் வைக்கக்கூடாது. நடுவில் ஒரு மண்டையோட்டுப் பலகையும் நின்றது.

அந்தக் கம்புகளை நட்டவர்களில் ஒருத்தி என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அந்த வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் அம்மா சோறு சாப்பிடவில்லை. சின்னம்மா கேட்கவில்லை. மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது எங்களைக் கூப்பிட்டு இருத்தி, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததையே திரும்பவும் சொல்லுவாள். தெரியாத சாமானைக் கண்டால் தொடக்கூடாது. அப்படியே நிற்கவேண்டும். கூப்பிடவேண்டும். ஆள் வரும்வரை அசையக்கூடாது.

"கம்பு எண்டது எங்கட வாக்கு" என்பாள். "அதை நம்பித்தான் சனம் கால் வைக்குது."

மாரி மழை தொடங்கியதும் அவர்களுடைய வேலை எங்கள் பக்கத்தில் நின்றுபோயிற்று. அப்பாவுடைய வேலை நிற்கவில்லை. உழவு இயந்திரக்காரன் கம்புகளுக்குக் கிட்ட வரமாட்டேன் என்று திரும்பிப் போனதால், ஓரத்தை அப்பாவே மண்வெட்டியால் கொத்தினார். விடிய முந்தியே மண்வெட்டியும் இரும்பு அலவாங்கும் தோளில் வைத்துக்கொண்டு போவார். வெயில் ஏறமுன் வந்துவிடுவார். எனக்கு அந்த மாரியில் ஒரு சந்தேகம் இருந்தது: பயிர் மட்டுமல்ல, வயலும் வளருகிறதோ என்று. ஒவ்வொரு கிழமையும் பார்க்கும்போது குளப்பக்கம் புதிதாகக் கொத்திய மண் கொஞ்சம் கூடியிருந்தது. அதில் பிந்தி விதைத்த நெல் மற்றதைவிடக் கட்டையாக, இளம் பச்சையாக நின்றது. கம்புகளும் அதற்கேற்பத் தள்ளி நின்றன. சின்னம்மாவின் ஆட்கள் வந்து துப்புரவாக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வந்ததை நான் காணவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் உலகத்தில் எத்தனையோ நடக்கிறது.

அப்படித்தான் அந்த உடைமரம் எங்கள் பக்கம் வந்தது. மழைக்கு முன் அது கம்புகளுக்கு அப்பால் நின்றது. இப்போது கம்புகள் அதற்கும் அப்பால், குளக்கட்டை ஒட்டி, வரிசை பிசகாமல் நின்றன.

ஜெனிற்றாவுக்கு அந்த மரம்தான் வேண்டியிருந்தது. முகாமைவிட்டு வந்தபின் அவளுக்கு அதுதான் முதல் நத்தார். குடில் கட்டியாயிற்று, வாசலில் கடதாசி நட்சத்திரமும் தொங்கவிட்டாயிற்று. களிமண்ணில் ஆடும் மாடும் செய்து, சிரட்டையில் நெல் முளைக்கவிட்டுப் புல்தரையும் ஆயிற்று. மரம்தான் இல்லை. உடைமரக் கொப்பு என்பது அவளுடைய யோசனை. முள்மரம் என்று நான் சிரித்தேன்.

"விசரி, முள்ளு இருக்கிறதுதான் நல்லது" என்றாள். "ரொபி சுத்தின மினுங்கல் தாளை முள்ளில குத்திவிட்டால் சரி. நூல் ஒண்டும் தேவையில்லை."

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் புறப்பட்டோம். வெடியகற்றும் ஆட்கள் எல்லாரும் விடுமுறையில் போயிருந்தார்கள். சின்னம்மாவும் வீட்டில் நின்று, ஜெனிற்றா வீட்டுக்குக் கொடுக்கப் பயத்தம் பணியாரத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை ஜெனிற்றா எடுத்தாள். சாக்கை நான் எடுத்தேன். தம்பி, கூட்டிக்கொண்டு போகாவிட்டால் சொல்லிக்கொடுப்பேன் என்று வெருட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. நெல்லை மிதித்தால் அப்பா ஏசுவார். அதனால் நானும் தம்பியும் வரம்பில் காவல் நின்றோம். ஜெனிற்றா மட்டும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டை நெல்லுக்குள் கால் பார்த்துப் பார்த்து நடந்து, அதைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கினாள். உடைமரத்தடிக்குப் போய் ஒரு கொப்பைப் பிடித்து வளைத்தாள். கத்தியை ஓங்கினாள்.

ஓங்கிய கத்தி கீழே வரவில்லை.

"வெட்டன்டி, அப்பா வந்திடுவார்" என்றேன்.

"எனக்கு முன்னால ஒண்டு கிடக்கு" என்றாள்.

"என்ன ஒண்டு?"

"சப்பாத்துக்குப் பூசுற மைப் பேணி மாதிரி, வட்டமா. மழைக்கு மண் கழுவி மேல தெரியுது." அவளுடைய குரல் சாதாரணமாகவே இருந்தது. "நான் இப்ப நிக்கிறன். நீ கூப்பிடு."

பாடம் முழுவதையும் அவள் ஒழுங்காகச் செய்தாள். நான்தான் கத்த வாயெடுத்தும் சத்தம் வராமல் நின்றேன். கடைசியில் ஓடியது தம்பி.

சின்னம்மா கையில் மாவோடு வந்தாள். வரம்பில் ஏறியதும் என்னையும் பார்க்கவில்லை, ஜெனிற்றாவையும் பார்க்கவில்லை. குளக்கட்டுப் பக்கம் நின்ற கம்புகளைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"இதென்ன, எல்லாம் நேரா நிக்குது?" என்று தனக்குள் சொன்னாள். "நாங்கள் வளைச்சு வளைச்செல்லோ நட்டனாங்கள். உடைமரத்துக்கு இஞ்சாலையெல்லோ நிண்டது."

பிறகு குரலை உயர்த்தி, "பிள்ளை ஜெனிற்றா, நீ கெட்டிக்காரி. கால் ரெண்டையும் அப்பிடியே வைச்சிரு. கத்தியைக் கீழ போடாதை, கையிலயே பிடிச்சிரு. குந்தாதை. விளங்குதோ?" என்றாள்.

"ஓம் சின்னம்மா."

சின்னம்மா போனில் தன் பொறுப்பாளரைப் பிடித்தாள். அவர் வருவார், ஆட்களையும் கருவிகளையும் கொண்டு வருவார், ஆனால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்வதால் மடுப் பக்கமாகச் சுற்றித்தான் வரவேண்டும். "தலைக்கவசமும் இல்லை, குத்திப் பாக்கிற ஊசியும் இல்லை. ஒருத்தரும் உள்ள இறங்கக்கூடாது. நானும்தான்" என்று அவள் வந்து சேர்ந்தவர்களிடம் சொன்னாள். அதற்குள் அம்மா வந்திருந்தார், ஜெனிற்றாவின் தாய் வந்திருந்தார். தாய் மகளைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு வரம்பைவிட்டு இறங்கப் போனார். அம்மா இடுப்பில் பிடித்து இழுத்தார்.

"அக்கா, நீங்கள் அழுதால் அவள் உங்களிட்ட ஓடி வந்திடுவாள்" என்று சின்னம்மா சொன்னாள். "தயவுசெய்து அங்கால இருங்கோ." தாய் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார்.

சின்னம்மா என் தோளைப் பிடித்தாள். அவள் விரல் மா என் சட்டையில் ஒட்டியது. "நீ கதை. கதைச்சுக்கொண்டே இரு. அவள் உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும்."

என்ன கதைப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இந்த வருசம் நத்தார் சனிக்கிழமை."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

"ஆனா வாசல்ல தொங்குறது என்ன?"

அவள் கண் தரையில் கிடந்ததற்குப் போய்த் திரும்ப என் முகத்துக்கு வந்தது. பிறகு, "என்ன?" என்றாள்.

"வெள்ளி."

"ஐயோ" என்றாள் ஜெனிற்றா. மெல்லியதாக, ஆனால் விதிப்படி.

"குட்டு ஒண்டு உனக்கு வந்திட்டுது. வந்து குட்டு."

"வந்து குட்டுறன். சேர்த்து வை."

நான் சேர்த்து வைக்கத் தொடங்கினேன். கரோல் பாடப் போனால் சாப்பிட என்ன தருவினம்? ரோல். இடையர்மார் ஏன் ஒருநாளும் முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கிறதில்லை? அவை இடையர். பழைய பகிடிகள், தண்ணீர் வரிசையில் தேய்ந்து போனவை. அவளுக்கு விடையெல்லாம் தெரியும். ஆனாலும் தெரியாதவள்போல "என்ன?" என்று கேட்டு, "ஐயோ" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் துணிவு வந்துவிட்டது. புதிதாக ஒன்று சொன்னேன். "வெள்ளி கிழிஞ்சால் ஆரைக் கூப்பிடவேணும்?"

"ஆரை?"

"மூண்டு ராசாக்கள் வந்த ஒட்டகத்தை. அதுதான் ஒட்டும்!"

ஜெனிற்றா சிரித்துவிட்டாள். சிரிப்பில் உடம்பு முன்னால் சாய்ந்தது. கத்தி பிடித்த கை வீசியது. ஒரு குதிக்கால் புல்லிலிருந்து மேலே எழும்பி, அந்தரத்தில் நின்று, மெல்லத் திரும்ப இறங்கியது.

வரம்பில் இருந்த அவளுடைய தாய் பாதி எழுந்துவிட்டார்.

"சிரிக்க வைக்காதையடி!" சின்னம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. "ஆடுறாள். சிரிக்க வைக்காதை."

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பகிடி சொல்லவேண்டும், ஆனால் அவள் சிரிக்கக்கூடாது. நன்றாக இருந்தால் ஆபத்து. மோசமாக, முனக மட்டும் வைக்கிற அளவுக்கு மோசமாக இருக்கவேண்டும். அதுவும் அவள் அலுத்துப்போய் முகத்தைத் திருப்பாத அளவுக்கு இருக்கவேண்டும். வாயைத் திறக்குமுன் ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்தவற்றை விழுங்கினேன். எனக்கே வெட்கமான பகிடிகளைத் தேடித் தேடிச் சொன்னேன்.

"நத்தாரண்டு ஏன் ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கிறதில்லை?"

"ஏன்?"

"எல்லாரும் கேக்... கினம்."

"ஐயோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கால் நடுங்குதடி" என்றாள்.

குளப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மழை மணந்தது. சின்னம்மா வானத்தைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அப்போதுதான் அப்பா வந்தார். சந்தையிலிருந்து வந்த கையோடு, சைக்கிளைப் பாதையில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கவேண்டும். சாறத்தில் சங்கிலி எண்ணெய் பட்டிருந்தது. உடைமரத்தடியில் நின்ற ஜெனிற்றாவைக் கண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கையிலிருந்த மரக்கறிப் பை தானாக நழுவி, வெங்காயம் வரம்பால் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. ஒரு வெங்காயத்தையும் வீணாக்காத மனிதர்.

"ஆக்கள் வருகினம் அத்தான்" என்றாள் சின்னம்மா. "ஆனா மழை முந்திவிடும் போல கிடக்கு. மழை பெய்தால் பிள்ளை நடந்த கால்தடம் அழிஞ்சுபோம். புல்லுக்குள்ள இப்பவே மட்டுமட்டாத்தான் தெரியுது."

"நான் போறன்" என்றார் அப்பா.

"உங்களுக்கு விசரே? ஒருத்தரும் இறங்கக்கூடாது."

"பிள்ளைக்குக் கால் நடுங்குது."

"அது துப்புரவாக்காத இடம் அத்தான்! எங்க என்ன கிடக்கெண்டு எங்களுக்கே தெரியாது!"

அப்பா சாறத்தை மடித்துக் கட்டினார். "எங்க கிடக்கெண்டு எனக்கும் தெரியாது" என்றார். "நான் எங்க எங்க கால் வைச்சனான் எண்டு தெரியும்."

சின்னம்மா வாயைத் திறந்தாள். கம்புகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த விதியையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத என் சின்னம்மா, அவர் வரம்பைவிட்டு இறங்கும்போது விலகி நின்றாள். அப்பாவின் துணிச்சலைக் கண்டுதான் அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று என்று நான் பெருமைப்பட்டேன்.

கட்டை நெல்லுக்குள் அப்பா வேகமாகவே நடந்தார். அது முடிந்த இடத்தில் நின்றார். நின்று, குளக்கட்டுக் கம்புகளில் ஒன்றைக் குறி பார்த்தார். நாற்று நடும்போது கயிறு பிடிக்கப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு புல்லுக்குள் ஒரு காலை வைத்தார். மற்றக் காலைத் தூக்கி, வைக்கவேண்டிய இடத்தைத் தேடி, வைத்தார். ஒவ்வொரு எட்டுக்கும் இடையில் அம்மாவின் வாய் பிள்ளையாரைக் கூப்பிட்டது. ஜெனிற்றாவின் தாய் மாதாவைக் கூப்பிட்டார்.

என் பகிடிகள் நின்றுவிட்டன. ஜெனிற்றா இப்போது என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் கால்களைப் பார்த்தாள். அவள் முகம் கோணத் தொடங்கியது. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அப்பா அதைக் கண்டிருக்கவேண்டும். நடக்கிற நடையிலேயே, தலை நிமிராமல், கடுமையான குரலில் சொன்னார்:

"பிள்ளை, நான் ஒரு பகிடி சொல்லட்டோ?"

வரம்பில் எல்லாரும் திகைத்துவிட்டோம். அம்மா பிள்ளையாரை நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்கோ மாமா" என்றாள் ஜெனிற்றா.

"நத்தாருக்கு..." அப்பா ஒரு எட்டு வைத்தார். "நத்தாருக்கு எங்கட வயல் ஏன் வரேல்லை?"

"ஏன் மாமா?"

அப்பா நின்றார். அவர் தன் வழி முடிந்த இடத்துக்கு வந்திருந்தார். அங்கிருந்து ஜெனிற்றா நின்ற இடத்துக்கு இடையில் அவர் ஒருநாளும் கால் வைக்காத புல். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, அவள் மிதித்து மடங்கிய புல்லை ஒன்றொன்றாகக் கண்டுபிடித்தார். பிறகு அந்தச் சின்னத் தடங்களில், தன் பெரிய பாதத்தின் விரல்நுனியை மட்டும் ஊன்றி, ஊன்றி, போனார்.

"ஏன் மாமா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். இப்போது அவர் அவளுக்குக் கைதொடும் தூரத்தில் நின்றார்.

"எனக்கும் தெரியேல்லை பிள்ளை" என்றார்.

"பிறகு?" என்றாள் ஜெனிற்றா.

"பிறகு ஒண்டுமில்லை. கத்தியைத் தா. கழுத்தைக் கட்டிப் பிடி."

அவளைத் தூக்கினார். ஒரு காலில் நின்றபடி, இடுப்பை மட்டும் திருப்பி, மெல்லத் திரும்பினார். வந்த அதே தடங்களில், அதே இடங்களில், வரும்போது எடுத்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் எடுத்து வந்தார். அவர் புல்லைக் கடக்கும்போது முதல் துளிகள் விழுந்தன. கட்டை நெல்லில் கால் வைத்தபோது மழை பிடித்துவிட்டது. நெல்லுக்குள்ளும் அவர் அதே நிதானத்தோடு, புல்லில் நடந்ததுபோலவே, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்தார். தன் சொந்த நெல்லுக்குள் ஏன் இவ்வளவு பயந்து நடக்கிறார் என்று நினைத்தேன். போகும்போது அப்படி நடக்கவில்லையே.

இனிப் பின்னால் நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு அந்த வரம்புக்குத் திரும்புகிறேன். ஆட்கள் வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகையும் நாடாவும் கட்டி மறித்துவிட்டுப் போனார்கள். விடுமுறை முடிந்து வந்து, குனிந்து, முழங்காலில் நின்று, மண்ணைக் குத்திப் பார்த்தார்கள். உடைமரத்தடியில் ஜெனிற்றா கண்டதை எடுத்தார்கள். இன்னொன்றையும் எடுத்தார்கள், அது கட்டை நெல்லுக்குள், அப்பா கொத்தி விதைத்த மண்ணில், ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. அதற்காக அந்தத் துண்டு நெல் முழுவதையும் பிரட்டினார்கள். நான் கொதித்துப்போனேன். "எங்கட நெல்லெல்லோ அப்பா, ஏன் பேசாமல் நிக்கிறியள்?" என்று கேட்டேன். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போனார். அவர்கள் போகும்போது இளநீர் வெட்டிக் கொடுத்தார். கம்புகள் பழைய இடத்தில், வளைந்து வளைந்து, மறுபடியும் நடப்பட்டன. மழைக்குச் சாய்ந்த கம்பை யாரோ நல்லெண்ணத்தில் நிமிர்த்திவிட்டிருக்கிறார்கள் என்று சின்னம்மா தன் பொறுப்பாளரிடம் சொன்னாள். சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நெடுநாள் அவள் அப்பாவை அத்தான் என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, என் சொந்த வளவுக்கு வேலி போட வந்தவர் அலவாங்கால் குழி குத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நெல்வயலில் அலவாங்குக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்கு முதல்முறையாக வந்தது. விடிய முந்தி அப்பாதான் கம்புகளைப் பிடுங்கித் தள்ளித் தள்ளி நட்டிருக்கிறார். நாற்று வரிசைபோல நேராக நட்டதால் சின்னம்மாவுக்கு உடனே தெரிந்திருக்கிறது.

அன்று வரம்பில் எனக்கு இதொன்றும் தெரியாது. அப்பா ஜெனிற்றாவைக் கொண்டுவந்து தாயிடம் இறக்கிவிட்டார். தாய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார், அம்மா அழுதார், தம்பி தானும் அழவேண்டுமா என்று பார்த்துக்கொண்டு நின்றான். மழை எல்லார் மேலும் பெய்தது. ஜெனிற்றா தாயின் கையிலிருந்து தலையை நீட்டி என்னைத் தேடினாள். "உனக்கு நிறையக் கிடக்கு" என்றாள். "ஆனா முதல் மாமாவுக்கு. அதுதான் ஆகலும் மோசம்."

எல்லாரும் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தோம். அப்பா அவளுக்கு முன்னால் சேற்றில் முழங்கால் மடித்து இருந்தார். தலையைக் குனிந்து கொடுத்தார். ஜெனிற்றா "ஐயோ" என்று முனகிவிட்டு, விரலை மடக்கி, அவருடைய நனைந்த தலையில் பட்டும் படாமலும் ஒரு குட்டு வைத்தாள்.

அவர் எழும்பவில்லை.

"பலமாக் குட்டு, பிள்ளை" என்றார்.

ஜெனிற்றாவின் தாய் அழுகைக்குள் சிரித்தார். ஜெனிற்றா இன்னொன்று வைத்தாள். அவர் அப்போதும் தலையை எடுக்கவில்லை. "இன்னும்" என்றார். அவருடைய முகத்தால் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா மட்டும் சிரிக்காமல் குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பகிடியின் விதி ஒருவழியாக அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோசம். நானும் கைதட்டிச் சிரித்தேன்.